பழைய ரிவால்வர் வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

இராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் பழைய ரிவால்வர் ஒன்று விலைக்கு வந்தால் கூடவே ஒரு கதையும் வரும். "மருது பாண்டியர் வைத்திருந்தது" என்பார்கள். இல்லையென்றால் "சேதுபதி அரண்மனையிலிருந்து வந்தது" என்பார்கள். முதல் கதை ஆண்டுக் கணக்கிலேயே உடைந்துவிடும். மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டது 1801இல். சாமுவேல் கோல்ட் தம் ரிவால்வருக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1836இல். அரண்மனைக் கதை உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் எழுத்தில் சான்று இல்லாத கதைக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

இரும்பில் பொறித்த ஆண்டைச் செய்த ஆண்டு என்று எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. விவரம் தெரிந்தவர்களே இதில் ஏமாறுகிறார்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பழைய சிறு ரிவால்வர்களில், குண்டுகள் வைக்கும் சுழல் உருளையான சிலிண்டரின் மேல் 1855 ஏப்ரல் 3 என்ற தேதி இருக்கும். அது காப்புரிமை வழங்கப்பட்ட நாள். அந்த நிறுவனத்தின் முதல் ரிவால்வர் வெளிவந்ததே 1857இல்தான். அதே தேதியைத் தாங்கியவை 1870களிலும் செய்யப்பட்டன. துப்பாக்கியின் மேல்பட்டையில் இருக்கும் பெயரும் இப்படித்தான். மேன்டன், ராடா என்று கல்கத்தாக் கடைகளின் பெயர் இருந்தால், அது விற்றவர் பெயராகவே இருக்கும். எங்கே, எந்தக் காலத்தில் செய்தது என்பதை வேறு இடத்தில் தேட வேண்டும்.

அந்த இடம் சோதனை முத்திரை. இங்கிலாந்திலும் பெல்ஜியத்திலும் அரசு ஏற்ற சோதனைச் சாலைகளில் வழக்கத்தைவிட அதிக வெடிமருந்து கெட்டித்துச் சுட்டுப் பார்த்து, தாங்கிய துப்பாக்கிக்கு மட்டும் முத்திரை குத்தினார்கள். கிரீடத்தின் கீழ் இரண்டு செங்கோல்கள் குறுக்காக இருந்தால் அது பர்மிங்காமின் பழைய முத்திரை. 1813 முதல் 1904 வரை வழக்கில் இருந்தது. முட்டை வடிவ வளையத்துக்குள் ஈ, எல், ஜி என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரம். அந்த வளையத்தின் மேல் கிரீடம் சேர்ந்தது 1893இல். ஆகவே கிரீடம் வைத்த லியேஜ் முத்திரையைக் காட்டி '1870இல் செய்தது' என்று ஒருவர் சொன்னால், தயங்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

துப்பாக்கியின் ஜாதகமே இந்த முத்திரைகள்தான். அவற்றைத்தான் நம் ஊரில் முதலில் அழிக்கிறார்கள். கீழக்கரையில் உரிமத்தோடு ஒரு வீட்டில் இருந்த ரிவால்வரைப் பார்க்கச் சென்றேன். விற்பதற்கு முன் 'சுத்தம்' செய்ய வேண்டும் என்று யாரோ குழல் முழுவதும் உப்புத்தாள் போட்டிருந்தார்கள். கண்ணாடிபோல் மின்னியது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து உருப்பெருக்கியால் பார்த்தபோது, முத்திரை இருந்த இடத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வளைவு மட்டும் மிஞ்சியிருந்தது. கிரீடமா, வளையத்தின் விளிம்பா என்று சொல்ல முடியவில்லை. நூறாண்டு உப்புக்காற்று விட்டுவைத்ததை ஒரு மாலை நேரத்து உப்புத்தாள் தின்றுவிட்டது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. துரு இருந்தால் இருக்கட்டும். மெல்லிய எண்ணெய் தொட்ட துணி போதும். புதிதாக நிக்கல் பூசியதும் வேண்டாம். பூச்சுக்கு முன் தேய்ப்பதில் எழுத்தின் ஓரம் மழுங்கிவிடும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, 'பழசுதானே, உரிமம் எதற்கு' என்ற எண்ணம். 1898க்குள் செய்தது பழம்பொருள் என்பது அமெரிக்கச் சட்டம். இந்தியாவில் அப்படி ஓர் ஆண்டுக் கோடு இல்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, வழக்கொழிந்த அல்லது தொன்மை மதிப்புள்ள ஆயுதங்களுக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அவற்றால் சுடவே முடியாது என்ற நிலை இருக்க வேண்டும். ஒரு ஸ்பிரிங் மாற்றினால் சுடும் என்றால் அது முழுத் துப்பாக்கிதான். .455 அங்குலக் குண்டு சுடும் வெப்லி போன்ற பழைய பிரிட்டிஷ் ராணுவ ரிவால்வர்கள் தடைசெய்யப்பட்ட ரகத்திலேயே வருகின்றன. அவற்றுக்கு ஆட்சியர் அலுவலகத்தின் சாதாரண உரிமம் போதாது. முன்பணம் கொடுப்பதற்கு முன் விற்பவரின் உரிமத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். தாத்தாவின் பெட்டியில் கிடைத்தது என்றால், விலை பேசுவதற்கு முன் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைப்பதுதான் முறை. உள்ளே மருந்து இருக்கிறதா என்று நீங்களே குடைந்து பார்க்கவும் வேண்டாம். நூறு ஆண்டு கடந்த பொருள் என்றால், வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருக்கும் உறவினருக்குக் கொடுத்தனுப்புவதைத் தொல்பொருள் சட்டமும் தடுக்கிறது.

முறையாக வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பின்னும் இரண்டு பழக்கங்கள் கெடுக்கும். ஒன்று தேங்காய் எண்ணெய்: நாளாக நாளாகப் பிசினாக இறுகி விசையைப் பிடித்துக்கொள்ளும், தையல் மிஷின் எண்ணெய் போதும். மற்றொன்று, அழகாக இருக்கிறதென்று பழைய தோல் உறையிலேயே வைத்திருப்பது. பாம்பன், மண்டபம் காற்றில் அந்தத் தோல் ஈரத்தை இழுத்துக்கொண்டு, பதனிட்ட ரசாயனத்தோடு சேர்த்து இரும்பில் இறக்கும். உறையைத் தனியே வையுங்கள்.