சிக்னல் இல்லாத சரிவில் ஆங்கில வகுப்பு

கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில் பெரியவர்களுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். ஹோம்ஸ்டே சமையலுக்குப் போகும் அக்காக்கள், டாக்சி ஓட்டும் அண்ணன்கள். அங்கே சிக்னல் நிற்காது. மழை வந்தால் வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும்.

அதனால் வீடியோவை விட்டுவிட்டேன். பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் தளத்தின் '6 மினிட் இங்கிலீஷ்' நிகழ்ச்சியை ஆடியோவாகவும், பேச்சின் எழுத்து வடிவத்தை பிடிஎஃப் ஆகவும் இறக்கலாம். டவுனில் இறக்கி, புளூடூத்தில் அனுப்புகிறேன். விஎல்சி என்ற பிளேயர் செயலியில் வேகத்தை 0.75 ஆகக் குறைத்தால் காதுக்குப் பிடிபடுகிறது. ஆனாலும் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அது கடினம்தான். அவர்களுக்கு பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன்இங்கிலீஷ் தளத்தில் ஏ1 என்ற தொடக்க நிலைப் பாடங்கள் பொருந்துகின்றன.

எந்தத் தளமும் தராதது ஒன்று உண்டு: அவரவர் வேலைக்கான பேச்சு. "வெந்நீர் எத்தனை மணிக்கு வரும்?", "தொட்டபெட்டா போக எவ்வளவு?" என்று விருந்தினர் கேட்பதை ஆங்கிலத்தில் என் குரலிலேயே பதிவு செய்து, பதிலுக்கு இடைவெளி விட்டு அனுப்புகிறேன். வகுப்பில் வாய் திறக்கக் கூசுபவர்கள்கூட வீட்டில் தனியாகப் பதில் சொல்லிப் பழகுகிறார்கள். அதைப் பதிவு செய்து எனக்குத் திருப்பி அனுப்பினால், அப்புறம் உச்சரிப்பை ஒவ்வொருவரிடமும் தனியாகச் சொல்லித் திருத்துகிறேன்.