டி.என்.ஏ.விலிருந்து புரத வரிசை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலை நேரத்தில் என்னிடம் உயிரியல் படிக்க வரும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களும், புதுச்சேரியில் முதுகலை சேர்ந்து முதன்முறையாக ஆய்வகத்தில் கால்வைத்தவர்களும், டி.என்.ஏ.விலிருந்து புரத வரிசையை எழுதச் சொன்னால் ஏறத்தாழ ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். நாங்கள் படித்த காலத்திலும் சறுக்கிய இடங்கள் இவையே. டி.என்.ஏ.வின் தைமினுக்குப் (டி) பதில் ஆர்.என்.ஏ.வில் யுராசில் (யு) எழுத மறப்பது போன்ற கைப்பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன். அவை இரண்டாவது தேர்வுக்குள் தாமாகவே மறைந்துவிடும்.

இழையின் திசையைப் பார்க்காமல் எழுதத் தொடங்குவது

ஓர் இழையின் இரு முனைகளை 5', 3' என்று குறிக்கிறோம்; டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்னும் நொதி, நகலெடுக்கப் பயன்படும் வார்ப்புரு இழையை 3' முனையிலிருந்து 5' நோக்கிப் படித்து, தூது ஆர்.என்.ஏ.வை 5' முனையிலிருந்து 3' நோக்கிக் கட்டுகிறது. புரதத்தைக் கட்டும் ரைபோசோமும் அதை 5' பக்கமிருந்தே படிக்கிறது. இதை ஒப்பிக்காத மாணவர் இல்லை. தாளில் பயன்படுத்துபவர் மிகச் சிலர்.

வார்ப்புரு இழை 5'-டிடிஏ ஜிஏஏ ஏஜிசி சிஏடி-3' என்று கொடுக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். தூது ஆர்.என்.ஏ.வின் ஒவ்வொரு மூன்று எழுத்தும் ஒரு கோடான்; எந்தக் கோடானுக்கு எந்த அமினோ அமிலம் என்பதைக் கோடான் அட்டவணை சொல்லும். பெரும்பாலோர் இடப்பக்கத்திலிருந்து இணை எழுத்துகளை (ஏ-க்கு யு, டி-க்கு ஏ, ஜி-க்கு சி, சி-க்கு ஜி) போட்டு ஏஏயு சியுயு யுசிஜி ஜியுஏ என்று எழுதி, அஸ்பராஜின், லியூசின், செரின், வாலின் என விடையளித்துவிட்டு நிம்மதியாக அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறார்கள். இணைகளில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் விடை முழுவதும் தவறு. அவர்கள் எழுதிய வரிசையின் இடமுனை 3'. அதைத் திருப்பினால் 5'-ஏயுஜி ஜிசியு யுயுசி யுஏஏ-3' என்று வரும்: மெத்தியோனின், அலனின், பினைல்அலனின், நிறுத்தம். புதுச்சேரி செல்லும் பேருந்தின் நிறுத்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கடலூர் திரும்பும் பேருந்தில் ஏறியவர், கன்னியக்கோவிலுக்கு முன்பே அரியாங்குப்பம் வந்துவிட்டதே என்று நடத்துநரிடம் சண்டை பிடிப்பதைப் போன்றது இது.

தேர்வில் இதனால் போவது ஒரு மதிப்பெண். ஆய்வகத்தில் போவது பணமும் வாரங்களும். முதுகலை ஆய்வுத்திட்டம் செய்த ஒரு மாணவி, பி.சி.ஆர். (டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் முறை) மூலம் ஒரு மரபணுவைப் பெருக்குவதற்கான ரிவர்ஸ் பிரைமரை, அதாவது அந்தப் பகுதியின் மறுமுனையில் ஒட்ட வேண்டிய சிறு டி.என்.ஏ. துண்டை, இணை எழுத்துகளாகச் சரியாக மாற்றிவிட்டு, வரிசையைத் திருப்பாமலேயே ஆர்டர் கொடுத்துவிட்டார். தயாரிப்பவர்கள் நாம் தரும் வரிசையை 5'-இலிருந்து 3' என்றே எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பிரைமர் எந்த இழையிலும் ஒட்டாது. பெருகிய டி.என்.ஏ.வைக் காட்ட வேண்டிய பட்டை ஜெல்லில் வரவேயில்லை. வெப்பநிலையை மாற்றினார், மக்னீசியத்தைக் கூட்டினார், நொதி கெட்டுவிட்டதென்று புதிதாக வாங்கவும் வைத்தார். வழிகாட்டியும் அவருடன் சேர்ந்து நொதியைத்தான் சந்தேகித்தார். பிரைமரைத் தாளில் எழுதி இரண்டு முனைகளிலும் எண் போட்டுப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் எரிச்சல். முனை எண் போடாத வரிசையை என் வகுப்பில் நான் திருத்துவதே இல்லை.

ஆன்டிகோடானை அட்டவணையில் தேடுவது

ஆன்டிகோடான் என்பது அமினோ அமிலத்தைக் கொண்டுவரும் டி-ஆர்.என்.ஏ.வில், கோடானுடன் இணையும் மூன்று எழுத்து. அட்டவணையோ தூது ஆர்.என்.ஏ.வின் கோடான்களுக்கு உரியது. வேறு எதையும் அதில் தேடாதீர்கள்.

முதல் எழுத்திலிருந்தே மூன்று மூன்றாகப் பிரிப்பது

தூது ஆர்.என்.ஏ.வின் தொடக்கப் பகுதி புரதமாவதில்லை. மனித செல்லில் ரைபோசோமின் சிறிய துணையலகு பொதுவாக 5' முனையிலுள்ள தொப்பி என்னும் வேதி அமைப்பின் அருகே சேர்ந்து, தொடக்கக் கோடானாகத் தகுந்த ஏயுஜி வரும்வரை நகர்ந்து, அங்கிருந்துதான் மும்மூன்றாகப் பிரிக்கத் தொடங்குகிறது. 1961-இல் உயிர்வேதியியலாளர்கள் நிரென்பெர்க்கும் மத்தாயும் யுராசில் மட்டுமே கொண்ட ஆர்.என்.ஏ.விலிருந்து பினைல்அலனின் சங்கிலியைப் பெற்றார்களே, அதில் ஏயுஜி எங்கே இருந்தது என்று கேட்கும் மாணவர் எப்போதாவது ஒருவர் வாய்ப்பார். செல்களை உடைத்து எடுத்த சாற்றில் நடந்த அந்தச் சோதனையில் மக்னீசியம் மிகுந்திருந்ததால் தொடக்கக் கோடான் இல்லாமலேயே ரைபோசோம் வேலையைத் தொடங்கியது; உயிருள்ள செல்லுக்கு அதை விதியாகக் கொள்ளக் கூடாது.

நிறுத்தக் கோடானுக்கும் ஓர் அமினோ அமிலம் எழுதுவது

64 கோடான்களில் 61-க்கு மட்டுமே அமினோ அமிலம் உண்டு; மற்ற மூன்றும் நிறுத்தம்.

முடிந்த புரதத்திலும் மெத்தியோனினைத் தேடுவது

ரைபோசோம் ஏயுஜியின் மெத்தியோனினில் தொடங்கினாலும், முடிந்த புரதத்தில் அது இருக்க வேண்டியதில்லை. அரிவாள் செல் சோகையில், ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலியான பீட்டா குளோபினின் ஜிஏஜி கோடான் ஜியுஜி ஆகி, குளுட்டமிக் அமிலம் இருந்த இடத்தில் வாலின் அமர்கிறது. பழைய நூல்கள் அதை 6-ஆம் இடம் என்கின்றன, இன்றைய மரபணு அறிக்கைகளோ 7 என்கின்றன. அச்சுப்பிழை என்று எண்ணி ஒன்றை அடித்துவிடும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் மெத்தியோனின் பின்னர் வெட்டி நீக்கப்படுவதால், அதைச் சேர்த்து எண்ணினால் 7, விட்டு எண்ணினால் 6. இன்சுலினில் வெட்டு இன்னும் பெரிது: ரைபோசோம் கட்டுவது 110 அமினோ அமிலங்கள், இரத்தத்தில் சேரும் இன்சுலினில் இருப்பவை 51.

மைட்டோகாண்டிரியாவுக்கும் அதே அட்டவணையைப் பயன்படுத்துவது

பொது அட்டவணையில் நிறுத்தமாக இருக்கும் யுஜிஏ, மனித மைட்டோகாண்டிரியாவில் நிறுத்தாது, டிரிப்டோபேனைச் சேர்க்கும்.