மறைசாட்சி தேவசகாயம் மகிமையில்: எண்ணெய் வண்ணத்தில் எழுதும் முறை

வடக்கன்குளத்தில் 1745-இல் திருமுழுக்குப் பெற்று, விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சி தேவசகாயம், 2022 மே 15 அன்று புனிதர் ஆனார். ஆகவே அவரை மகிமையில், அதாவது விண்ணக ஒளியில் நிற்பவராகக் காட்டும்போது, தலைக்குப் பின்னால் முழு ஒளிவட்டமே எழுதலாம். கையில் சங்கிலியும் மறைசாட்சிக்குரிய ஓலையும் இருந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். நம் குமரிப் பக்கத்தில் பழக்கத்தில் பனையோலையை எழுதிவிடுகிறார்கள். அது விசிறி மடல். மரபில் வருவது பேரீச்ச ஓலை, தென்னங்கீற்று மாதிரி நடு ஈர்க்குக்கு இருபுறமும் பிரியும்.

இந்தப் படத்துக்கு எடுத்துக்கொள்வது நியோகிளாசிக்கல் பாணி, அதாவது பழைய கிரேக்க, ரோமக் கலையைப் பின்பற்றும் பாணி. அது என்றால் உருவக்கோடு தெளிவு, முகத்தில் அமைதி, தூரிகைத் தடமே தெரியாத பூச்சு. மேகத்தைச் சுழற்றிவிட்டால் அது பரோக், அதாவது அசைவும் ஆடம்பரமும் மிகுந்த வேறு பாணி. வானதூதர் இருவர் போதும்.

4×3 அடி கேன்வாஸைச் சட்டத்தில் இழுத்து அடித்து, ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சை இரண்டு பூச்சு கொடுங்கள். ஒவ்வொன்றும் காய்ந்தபின் உப்புத்தாள் போடவேண்டும். பீடத்துக்கு மேலே மாட்டும் படமென்றால் கரிக்கோட்டு வரைவை முதலில் அதே உயரத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள். கீழிருந்து பார்க்கையில் உருவம் குட்டையாகத் தெரியும்; இடுப்புக்கு மேலே கொஞ்சம் நீட்டினால் சரியாகும்.

முதல் வண்ணப் பூச்சுக்கு ரா அம்பர் என்ற மண்பழுப்பு வண்ணத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, இருளையும் வெளிச்சத்தையும் மட்டும் பிரியுங்கள். மேலே போகப் போக டர்பன்டைன் குறையவேண்டும், ஆளிவிதை எண்ணெய் கூடவேண்டும். மாற்றிச் செய்தால் மேல்பூச்சு முந்திக் காய்ந்து, அடியிலுள்ளது பிறகு அசையும்போது வெடிக்கும். நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ கலந்தால் வண்ணம் காயவே காயாது.

மகிமை என்றதும் மஞ்சளைக் கொட்டுவதுதான் பெரிய தப்பு. படம் காலண்டர் ஆகிவிடும். ஒளியைக் காட்டுவது சுற்றியுள்ள சாம்பல்தான். நடுவில் டைட்டானியம் ஒயிட்டோடு துளி எல்லோ ஓக்கர் (மண்மஞ்சள்). வெளியே வர வர ஒயிட்டில் ஐவரி பிளாக் என்ற கறுப்பு கலந்த சாம்பல். மஞ்சளுக்குப் பக்கத்தில் அது நீலமாகவே தெரியும். வானம் முழுவதையும் ஒரே அமர்வில், ஈரம் காயுமுன், உலர்ந்த மெல்லிய தூரிகையால் இழைத்துவிடுங்கள். மறுநாள் தொட்டால் விளிம்பு தெரியும். கண்ணைச் சுருக்கிப் பார்க்கும்போது ஒளிவட்டத்தைவிட முகம் முந்தி நிற்கவேண்டும். நிற்காவிட்டால் வட்டத்தை மங்கவையுங்கள், முகத்தை வெளுக்காதீர்கள்.

ஆனி, ஆடியில் தொடங்கவேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றோடு வரும் புழுதி ஈரப் பூச்சில் ஒட்டினால் எடுக்கமுடியாது. தை, மாசி நல்லது. வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுக்கவேண்டும். மழைநாளில் பூசினால் வெள்ளை பூக்கும். மாட்டும்போது நான்கு மூலையிலும் பின்னால் அரை அங்குலத் தக்கை வையுங்கள், சுவரின் ஈரம் ஏறாது.