மத்த மதத்துக்காரங்களோட உரையாடல்னு கிளம்பற கிறிஸ்தவர்கள் பண்ற தப்புங்க

சில இளம் கிறிஸ்தவ நண்பர்கள் மத்த மதத்துக்காரங்களோட ஒரு நட்பு வட்டம் ஆரம்பிக்கிறோம்னு சொல்லி அவங்க பிளானை எனக்கு அனுப்பியிருந்தாங்க, படிச்சதும் முதல்ல சிரிப்பு வந்துச்சு, அப்புறம் கடுப்பு, ஏன்னா ஆரம்பத்துல நாங்க அடிச்ச அதே கூத்து, வரிசை கூட மாறல. மசூதிக்குள்ள போறப்ப செருப்பைக் கழட்டு, நோன்பு மாசத்துல மதியம் விருந்து வெக்காதே, ஜும்மா நேரத்துல கூட்டம் போடாதேங்கற மாதிரி விஷயமெல்லாம் நான் சொல்லப்போறதில்ல. ஒரு போன் போட்டு கேட்டா அவங்களே சொல்லிடுவாங்க.

எல்லாத்தையும் நாமளே முடிவு பண்ணிட்டு கூப்பிடறது

எனக்கு இன்னிக்கும் எரிச்சல் வர்றது இதுதான். தேதி நம்மது, ஹால் நம்மது, தலைப்பு நம்மது, மைக் எப்ப யார் கைக்குப் போகணுங்கறதும் நம்மது. எல்லாம் முடிஞ்சப்புறம் அழைப்பிதழ் அடிச்சு ஒரு இமாம், ஒரு சுவாமிஜி, ஒரு பிக்குன்னு மேடைல சேர் போட்டு உக்கார வெச்சு ஆளுக்கு அஞ்சு நிமிஷம் குடுத்துட்டு இதுக்கு உரையாடல்னு பேர் வெக்கிறோம்.

ஒரு கூட்டத்துல 'கடவுளின் அன்பு'ன்னு தலைப்பு வெச்சாங்க. இதுல யாருக்கு என்ன பிரச்சனை வரப்போகுதுன்னு ஏற்பாடு பண்ணவங்க நினைப்பு. பௌத்த பிக்கு ஒருத்தர் வந்திருந்தார். புத்தரோட போதனைல உலகத்தைப் படைச்ச கடவுளுக்கு மைய இடமே கிடையாது, அவர் என்னதான் பேசுவார் பாவம், எல்லா உயிரும் நல்லா இருக்கணும்னு நினைக்கிற மைத்ரி பத்தி பொறுமையா, அழகா பேசிட்டு உக்காந்தார். உடனே நிகழ்ச்சியைத் தொகுத்தவர் மைக்கைப் பிடிச்சு, கடவுளோட அன்பை ஐயா எவ்ளோ அருமையா விளக்கினாங்கன்னு நன்றி சொல்றார்! பிக்கு லேசா சிரிச்சுக்கிட்டார். அடுத்த தடவை கூப்பிட்டப்ப வேற வேலை இருக்குன்னுட்டார். அதுக்கடுத்த தடவையும்.

இந்தத் தப்போட நஷ்டம் வெளிய தெரியாது, அதான் ஆபத்து. விருந்தாளியா வந்தவர் சண்டை போட மாட்டார், குறை சொல்ல மாட்டார், வராம இருந்துடுவார், அவ்ளோதான். நாம கூட்டக் குறிப்புல 'அவங்க தரப்புல ஆர்வம் இல்ல'ன்னு எழுதி வெச்சிட்டு அடுத்த ஆளைத் தேடிப் போவோம்.

தலைப்பை அவங்க கைல விட்டா என்ன ஆகுமோன்னு பயப்படறவங்க 2007ல நடந்ததைப் பாக்கணும். அதுக்கு முந்தின வருஷம் போப் பதினாறாம் பெனடிக்ட் ஜெர்மனில ரீகன்ஸ்பர்க்ல பேசின பேச்சு முஸ்லிம்கள் நடுவுல பெரிய கொந்தளிப்பைக் கிளப்பியிருந்துச்சு. அந்தச் சூடு அடங்காத நேரத்துல 138 முஸ்லிம் அறிஞர்கள் சேர்ந்து போப்புக்கும் மத்த சபைத் தலைவர்களுக்கும் ஒரு திறந்த மடல் எழுதினாங்க, அதுல அவங்களா எடுத்துக்கிட்ட விஷயம் என்னன்னா கடவுளை நேசிக்கிறதும் அடுத்தவரை நேசிக்கிறதும், அதுவும் குர்ஆன்லேர்ந்தும் பைபிள்லேர்ந்தும் வசனங்களைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு. நம்மாளுங்க உக்காந்து யோசிச்சிருந்தா அவங்களுக்குப் பயங்கரவாதம்தான் தலைப்பா போயிருக்கும். அந்த மடலுக்கு அப்புறம்தான் 2008 நவம்பர்ல ரோம்ல கத்தோலிக்க முஸ்லிம் மன்றத்தோட முதல் கூட்டம் நடந்துச்சு, தரப்புக்கு 24 பேர், சரிசமமா.

பிரார்த்தனை விஷயத்துலயும் இதேதான். எல்லாரையும் எழுந்து நிக்கச் சொல்லி நம்ம பாஸ்டர் ஒருத்தர் எல்லார் சார்பாவும் ஜெபம் பண்ணி 'இயேசுவின் நாமத்தில்'னு முடிப்பார், ஆமென் சொல்றதா சும்மா நிக்கிறதான்னு தெரியாம வந்தவங்க முழிப்பாங்க. 1986 அக்டோபர் 27 அன்னிக்கு போப் இரண்டாம் ஜான் பால் இத்தாலில இருக்கற அசிசிக்கு உலக மதத் தலைவர்களைக் கூப்பிட்டப்ப இதை யோசிச்சுத்தான் செஞ்சாங்க. அந்த ஊருக்குள்ள அவங்கவங்களுக்குன்னு தனித்தனி இடம், அவங்கவங்க முறைல பிரார்த்தனை, அப்புறம் எல்லாரும் ஒண்ணா கூடினப்ப ஒருத்தர் முடிச்சப்புறம் அடுத்தவர், மத்தவங்க மரியாதையா கூட இருந்தாங்க. அதுக்கே சொந்த சபைக்குள்ள சிலர் கடுமையா எதிர்த்தாங்கங்கறது வேற கதை.

அப்போ எப்படி ஆரம்பிக்கிறது? முதல் சந்திப்புக்குத் தலைப்பே வேண்டாம். காலி பேப்பரோட போய் எதைப் பத்திப் பேசலாம், எதைப் பத்தி இப்போதைக்கு வேண்டாம், வேற யாரைக் கூப்பிடலாம்னு கேளுங்க. ரெண்டாவது சந்திப்பு அவங்க இடத்துல, அவங்க நடத்தட்டும், நீங்க பின்வரிசைல உக்காருங்க. செலவையும் பிரிச்சுக்கோங்க, பணம் முழுக்க ஒரே பக்கம் போட்டா கொஞ்ச நாள்ல முடிவெல்லாம் தானா அந்தப் பக்கம் போயிடும், பெருந்தன்மைன்னு நினைச்சு பண்றதே வினையாகும். முக்கியமா, எங்களைப் பத்தி உங்களுக்கு என்ன கேக்கணும்னு கேட்டுட்டு வாயை மூடிட்டு இருங்க. சிலுவைப்போர் வரும், காலனி ஆட்சி வரும், மதமாற்றம் கண்டிப்பா வரும். குறுக்க பேசாதீங்க.

நம்ம நல்லதை அவங்க கெட்டதோட ஒப்பிடறது

இயேசுவோட மலைப்பிரசங்கத்தை ஒரு பக்கமும் அவங்க ஊர்வலத்துல எவனோ கத்தினதை இன்னொரு பக்கமும் வெச்சா யாரு ஜெயிப்பா? 1985ல ஸ்டாக்ஹோம்ல மார்மன்னு அமெரிக்காவுல ஆரம்பிச்ச ஒரு மதப்பிரிவோட கோயில் கட்டறதுக்கு எதிர்ப்பு வந்தப்ப அங்க லூத்தரன் பிஷப்பா இருந்த கிறிஸ்டர் ஸ்டெண்டால் மூணு விதி சொன்னார். ஒரு மதத்தைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்னா அதைப் பின்பத்தறவங்க கிட்ட கேளு, எதிரிங்க கிட்ட கேக்காதே. உன்னோட சிறந்ததை அவங்களோட மோசமானதோட ஒப்பிடாதே. அவங்க கிட்ட இருக்கற ஒண்ணைப் பாத்து, அடடா இது நம்ம கிட்ட இல்லையேன்னு ஏங்கறதுக்கு மனசுல இடம் வெச்சிரு. மூணாவதுதான் நம்மாளுங்களுக்கு வரவே வராது.

ஒருத்தரையே மொத்த மதத்துக்கும் பதில் சொல்ல வெக்கிறது

கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், பெந்தெகொஸ்தே எல்லாத்துக்கும் சேர்த்து நீங்க பதில் சொல்வீங்களா? அப்புறம் அவரை மட்டும் ஏன்?

எல்லா மதமும் ஒண்ணுதான்னு முடிக்கிறது

பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூணும் ஒரே கடவுள்ங்கற திரித்துவத்தை ஒரு முஸ்லிம் ஏத்துக்க மாட்டார், முகமதுவைக் கடைசி நபின்னு கிறிஸ்தவர் ஏத்துக்க மாட்டார். அது ரெண்டு பேருக்குமே தெரியும், தெரிஞ்சுதான் நட்பா இருக்காங்க. மேடைல ஏறி எல்லாம் ஒண்ணுதான்னு சொல்றது சுலபமா கைதட்டு வாங்கற வழி, ஆனா தன் நம்பிக்கையை சீரியஸா எடுத்துக்கிறவருக்கு அது அவமரியாதையா படும்.

நட்பைத் தூண்டிலா போடறது

கூடாது. 2011ல வத்திக்கான், உலகத் திருச்சபைகள் மன்றம், உலக எவாஞ்சலிக்கல் கூட்டமைப்பு மூணும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியே ஏமாத்தறது, கட்டாயப்படுத்தறது, ஆசை காட்டறது எல்லாத்தையும் தள்ளி வெச்சிடுச்சு. உங்க நம்பிக்கை பத்திக் கேட்டா மறைக்காம சொல்லுங்க. கேக்காதப்ப பையிலேர்ந்து மதப்பிரசார நோட்டீஸ் வெளிய வரக்கூடாது.

படிச்சவங்க மட்டும் பேசறது

வத்திக்கானோட 1991 ஆவணம் உரையாடலை நாலு வகையா பிரிக்குது: வாழ்க்கை, செயல், இறையியல், ஆன்மிக அனுபவம். இறையியல் மூணாவதாதான் வருது. பக்கத்து வீட்டுக்காரரோட ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போறதும், வெள்ளம் வந்தா சேர்ந்து மண்மூட்டை தூக்கறதும் அதுக்கு முன்னாடியே இருக்கு. ஆனா நம்ம கமிட்டில எல்லாரும் டாக்டர் பட்டம் வாங்கினவங்களா, முக்காவாசி ஆம்பளைங்களா இருக்காங்க.

கலவரம் வந்தப்புறம் நம்பர் தேடறது

அப்ப யாரும் எடுக்க மாட்டாங்க.

போட்டோ

கேட்டுட்டு எடுங்க. நம்மளோட உக்காந்ததுக்காகவே சொந்த ஆளுங்க கிட்ட ஏச்சு வாங்கறவங்க உண்டு, வேண்டாம்னு சொன்னா காரணம் கேக்காம போனை உள்ள வெச்சிடுங்க.