இடுப்பு மூட்டு மாற்றிய பின் வார்டில் என்ன நடக்கும், எதைக் கற்றுக்கொண்டு வீடு திரும்ப வேண்டும்

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்றதும் "எத்தனை நாள் ஆஸ்பத்திரி?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். சிக்கல் இல்லாவிட்டால் பெரும்பாலும் 3 முதல் 5 நாள். வயது மிகுந்தவர்கள், கீழே விழுந்து எலும்பு முறிந்து வந்தவர்கள், வீட்டில் துணைக்கு ஆள் இல்லாதவர்கள் இன்னும் ஒன்றிரண்டு வாரம் தங்கிப் பயிற்சி எடுக்க நேரலாம். நாட்களை எண்ணாதீர்கள். கட்டிலை விட்டு எழுவது, கமோடில் உட்கார்ந்து எழுவது, வாக்கரோடு நடப்பது, வீட்டில் படி இருந்தால் அதில் ஏறி இறங்குவது, இவை கைவந்த பிறகு வீட்டுக்குப் போவதே பாதுகாப்பு.

ஆபரேஷன் அன்று மாலையோ மறுநாள் காலையோ எழுப்பி நிற்க வைப்பார்கள். புது மூட்டு உடைந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். முதல் தடவை தலைசுற்றல்தான் தொல்லை. இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். கட்டில் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகே எழ வேண்டும். கண் இருட்டினாலோ வியர்த்தாலோ உடனே படுக்க வைக்கவும்.

வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது நல்லதல்ல. வலிக்குப் பயந்து அசையாமல் கிடந்தால் காலில் இரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும், படுக்கைப் புண் வரும். பிசியோதெரபிஸ்ட் வருவதற்கு அரை மணி நேரம் முன்பே வலி மாத்திரை கிடைக்குமா என்று நர்ஸிடம் கேளுங்கள். விழித்திருக்கும்போது மணிக்கொரு முறை இரண்டு பாதங்களையும் பத்துத் தடவை மேலும் கீழும் அசைக்கவும். முழங்காலைப் படுக்கையில் அழுத்தித் தொடையை இறுக்கி, ஐந்து நொடி வைத்து விடவும். இதுவும் பத்துத் தடவை. கெண்டைக்கால் வீங்கி வலித்தால் பக்கத்தில் இருப்பவர்கள் பாசத்தில் எண்ணெய் தேய்த்து அமுக்கிவிடுவார்கள். அதைச் செய்யவே கூடாது. உறைந்த இரத்தம் நகர்ந்து நுரையீரலில் போய் அடைத்துவிடலாம்.

வாக்கரின் உயரம் சரியாக இருக்க வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் பிடி மணிக்கட்டு மட்டத்தில் வரும். முதலில் வாக்கர், அடுத்து ஆபரேஷன் செய்த கால், பிறகு நல்ல கால். திரும்பும்போது ஆபரேஷன் செய்த காலை ஊன்றி உடம்பைச் சுழற்றாமல், சின்னச் சின்ன அடியாக வைத்துத் திரும்பவும். படி ஏறும்போது நல்ல கால் முதலில்; இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில்.

மூட்டைப் பின்பக்கமாகத் திறந்தார்களா, முன்பக்கமாகவா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். கட்டுப்பாடுகள் அதைப் பொறுத்தே மாறும். பின்பக்கம் என்றால் பொதுவாக 6 முதல் 12 வாரம் வரை மூன்று தடை: இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, பாதத்தை உள்பக்கமாகத் திருப்பக் கூடாது. தூங்கும்போது கால்களுக்கு நடுவே தலையணை இருக்கட்டும். உடற்பயிற்சி நேரத்தில் எல்லோரும் கவனமாகத்தான் இருப்பார்கள். கால்மாட்டில் கிடக்கும் போர்வையை எட்டி இழுக்கும்போதும், கீழே விழுந்த போனைக் குனிந்து எடுக்கும்போதும்தான் மூட்டு நழுவுகிறது. திடீரென்று கடும் வலி, கால் குட்டையாகி ஒரு பக்கம் திரும்பிக்கொள்வது, ஊன்ற முடியாமல் போவது ஆகியவை அதன் அடையாளம். அப்படியானால் நடக்க முயலாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நம் வீடுகளில் பெரிய சிக்கல் கழிவறைதான். இந்தியன் டாய்லெட்டில் குந்துவது அறவே ஆகாது. வெஸ்டர்ன் டாய்லெட்டும் தாழ்வாக இருந்தால் அதன்மேல் உயர்த்தும் இருக்கை வேண்டும். இல்லையென்றால் கைப்பிடி உள்ள கமோடு நாற்காலி. டிஸ்சார்ஜ் நாளுக்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிட மேலே போகக் கூடாது, எந்த இருக்கைக்கும் இதுதான் அளவு. உட்காரும் முன் ஆபரேஷன் செய்த காலை முன்னே நீட்டி, கைப்பிடியைப் பிடித்து, மெல்ல இறங்கவும். தரையில் சம்மணம் போட எப்போது அனுமதி, அனுமதி உண்டா என்பதை டாக்டரே சொல்ல வேண்டும்.

வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவர் பயிற்சி நேரத்தில் ஒரு தடவையாவது கூட நிற்கட்டும். தோளையோ கையையோ பிடித்து இழுத்துத் தூக்குவது தவறு என்பது அங்கே நேரில் பார்த்தால்தான் பதியும்.

கிளம்பும் முன் இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் ஊசி அல்லது மாத்திரை எந்தத் தேதி வரை, தையல் அல்லது கிளிப் பிரிக்க எப்போது வர வேண்டும் (வழக்கமாக 12 முதல் 14 நாளில்) என்று எழுதி வாங்குங்கள். காய்ச்சல், புண்ணில் நீர் கசிவு, மூச்சுத் திணறல் வந்தால் அந்தத் தேதி வரை காத்திருக்க வேண்டாம். வீட்டுக்கு ஆட்டோ வேண்டாம், கார் நல்லது. முன் இருக்கையை முழுதும் பின்னால் தள்ளி, ஒரு தலையணை போட்டு, முதலில் முதுகு இருக்கையைப் பார்த்தபடி பின்னோக்கி உட்கார்ந்து, பிறகு இரண்டு கால்களையும் ஒன்றாக உள்ளே எடுத்துக்கொள்ளவும்.