பி.டி. தெளித்தும் புழு சாகவில்லையா?

"காலையில் அடித்தேன், சாயங்காலமும் புழு உயிரோடு நெளிகிறது, மருந்து போலி." பி.டி. என்ற உயிரியல் பூச்சிமருந்தைத் தெளித்தவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது. பல நேரம் மருந்தில் கோளாறு இருக்காது. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற இந்த மண் பாக்டீரியா, பட்டதும் கொல்லும் விஷமல்ல. புழு அதைத் தின்ன வேண்டும். குடலின் காரத்தன்மையில் அதன் புரதப் படிகம் கரைந்து, குடல் சுவரில் ஓட்டை போடும். சில மணி நேரத்தில் தீனி நின்றுவிடும். சாக இரண்டு மூன்று நாளாவது ஆகும். எனவே செத்த புழுவை எண்ணாதீர்கள், இலையில் புதுக் கடி விழுகிறதா என்று பாருங்கள். பொறுமையிழந்து மறுநாளே ரசாயனம் அடித்தால், புழுவுக்கு எதிரியான குளவியும் சேர்ந்து சாகும்.

தின்றால்தான் வேலை என்பது புரிந்தால் மற்ற தவறுகளும் தெரியும். அசுவினியும் வெள்ளை ஈயும் சாறு உறிஞ்சுபவை. இலைமேல் கிடப்பது அவற்றின் வாய்க்குள் போகாது. தண்டுக்குள் புகுந்துவிட்ட புழுவுக்கும் இது எட்டாது. இலையின் அடிப்பக்கம் நனையாவிட்டால் அங்கே மேயும் புழு தப்பிவிடும். முட்டை பொரிந்த சில நாட்களில், புழு சிறிதாக இருக்கும்போதே அடிக்க வேண்டும். விரல் நீளப் புழுவிடம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

உச்சி வெயிலில் தெளிப்பது வீண். புற ஊதாக் கதிர் அதைச் சீக்கிரம் செயலிழக்கச் செய்யும். சாயங்காலம்தான் சரி. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை மாதிரி காரத்தன்மையுள்ள கரைசலோடும் கலக்காதீர்கள். குடலில் கரைய வேண்டிய படிகம் தொட்டியிலேயே கரைந்து போகும்.

பி.டி.யில் பல ரகம் உண்டு, ரகம் பார்க்காமல் வாங்குவது இன்னொரு தவறு. குர்ஸ்டாகி இலை தின்னும் புழுக்களுக்கு. 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கிடைத்த இஸ்ரேலென்சிஸ் கொசுப் புழுக்களுக்கு. டெனிப்ரியோனிஸ் சில வண்டுகளின் புழுக்களுக்கு. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

அப்புறம், "இயற்கைதானே, பூச்சி பழகாது" என்ற நம்பிக்கை. ஹவாயில் திரும்பத் திரும்ப பி.டி. தெளித்த தோட்டங்களில் வைரமுதுகு அந்துப்பூச்சி எதிர்ப்புத் திறன் பெற்றது 1990லேயே பதிவாகிவிட்டது. வேறு மருந்துகளோடு மாற்றி மாற்றித்தான் பயன்படுத்த வேண்டும்.

பக்கத்தில் பட்டுப்புழுவுக்குத் தீனியாகும் மல்பெரி இருந்தால் காற்றடிக்கும் திசையைப் பார்த்துவிட்டுத் தெளியுங்கள். 1901இல் ஜப்பானில் இஷிவாதா என்ற விஞ்ஞானி இந்த பாக்டீரியாவை முதலில் பிரித்தெடுத்ததே நோயுற்ற பட்டுப்புழுக்களிலிருந்துதான்.