மலைநாட்டுப் பழைய வீட்டில் கரண்ட் வேலை: எதை முதலில் செய்வது

வண்டிப்பெரியாறு, பீர்மேடு, ஏலப்பாறை பக்கம் பழைய வீட்டுக்காரர்கள் என்னைக் கூப்பிடுவது பெரும்பாலும் ஒரே காரியத்துக்குத்தான். "அண்ணே, கீசர் மாட்டணும், ஒரு லைன் இழுத்துக் கொடுங்க." இந்தக் குளிருக்கு வெந்நீர் வேண்டும், நியாயம்தான். ஆனால் நான் முதலில் பார்ப்பது மெயின் பெட்டியையும், கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த்தையும். இரண்டும் சரியில்லாத வீட்டில் கீசர் மாட்டித் தரமாட்டேன். கையில் இருக்கிற காசை எந்த வரிசையில் செலவழிப்பது என்பதுதான் இங்கே முக்கியம்.

கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940-இல் ஓடத் தொடங்கியது நம் இடுக்கி மாவட்டத்துப் பள்ளிவாசலில். கரண்ட் சீக்கிரம் வந்த பங்களாக்கள் இந்த மலையில் உண்டு, வயரிங்கும் அதே அளவுக்குப் பழசு. மர ரீப்பரில் கிளிப் அடித்து ஓடும் ரப்பர் வயர், மரப்பலகை சுவிட்ச் போர்டு, பீங்கான் ஃபியூஸ் கட்டை. ரப்பர் காய்ந்து போயிருந்தால், மெயினை அணைத்துவிட்டு லேசாக வளைத்தாலே பொடியாக உதிரும். அப்படி உதிர்கிற வயரில் ஒட்டுப்போட்டுப் பிரயோஜனமில்லை, மாற்றத்தான் வேண்டும்.

இங்கே பெரிய எதிரி ஈரம். ஆடி மாதச் சாரலில் மரப்பலகை தண்ணீரைக் குடித்து ஊறிவிடும், திருகுகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும். கூரையிலிருந்து இறங்கும் பைப்புக்குள் தண்ணீர் வழிந்து நேராகச் சுவிட்ச் பெட்டிக்குள் வந்து நிற்கும். அதனால் வயரிங்கை மழையில் சோதிக்கச் சொல்கிறேன். பங்குனி வெயிலில் மெக்கர் (வயர் உறை கரண்டைத் தடுக்கும் அளவைக் காட்டும் கருவி) வைத்தால் பழைய வயரும் நல்ல அளவு காட்டும். நான்கு நாள் விடாத மழைக்குப் பிறகு வைத்துப் பாருங்கள், உண்மை தெரியும். பல்பு, மெஷின் எல்லாம் கழற்றிவிட்டு 500 வோல்ட்டில் அளக்கும்போது ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் அந்த லைனில் கசிவு இருக்கிறது. வெளிச்சுவரில் புதுப் பெட்டி வைப்பதானால் பைப் கீழ்ப்பக்கமிருந்து நுழையட்டும், அடியில் சின்னதாக ஒரு வடிகால் துளையும் இருக்கட்டும்.

இனி எர்த். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊர் ஆட்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். எர்த் குழி இருக்கிறதே, அப்புறம் என்ன பயம் என்று நினைக்கிறோம். கீழே பாறை. இரண்டரை மீட்டர் பைப் இறக்க வேண்டிய இடத்தில் மூன்றடிக்கு மேல் போகாது. அப்படிப்பட்ட எர்த்தின் தடை 50 ஓம் என்று வையுங்கள். கீசருக்குள் ஃபேஸ் (கரண்ட் வரும் வயர்) கீசரின் உலோக உடம்பில் பட்டுவிட்டால் எர்த் வழியாக ஓடக்கூடிய கரண்ட் 230-ஐ 50-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 4.6 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி (லோடு மீறினால் தானே விழுந்து கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) இதைப் பார்த்து அசையாது, ஃபியூஸும் போகாது. கீசர் உடம்பில் கரண்ட் அப்படியே நிற்கும், வெளியே ஒன்றும் தெரியாது. ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று குழாயைத் திறக்கும் ஆளுக்குத்தான் தெரியவரும்.

இங்கேதான் ஆர்சிசிபி, அதாவது கசிவைக் கண்டு துண்டிக்கும் சுவிட்ச், வேண்டும். 30 மில்லி ஆம்பியர் வகை. போன கரண்ட்டும் திரும்பி வந்த கரண்ட்டும் ஒத்துப்போகிறதா என்றுதான் அது பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் அளவு வேறு வழியில் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். மேலே சொன்ன 4.6 ஆம்பியர் அதற்கு யானை அளவு. எர்த்தும் இருந்தால் யாரும் தொடுவதற்கு முன்பே விழும். ஃபேஸையும் நியூட்ரலையும் (கரண்ட் திரும்பும் வயர்) ஒருசேரப் பிடித்தால் அது காப்பாற்றாது, ஓவர்லோடுக்கும் உதவாது, அதற்கு எம்சிபி தனியாக வேண்டும். டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

பழைய வீட்டில் ஆர்சிசிபி மாட்டினால் மழைக்காலத்தில் அடிக்கடி விழும். உடனே "சனியன் பிடிச்சது" என்று அதை விட்டுவிட்டு வயரை நேராக இணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கசிவைத்தான் அது உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள், எம்சிபிகளை எல்லாம் இறக்குங்கள், ஆர்சிசிபியை ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாக மேலே தள்ளுங்கள். எதில் விழுகிறதோ அந்த லைனில் வேலை. நான் பார்த்தவரை வாசல் லைட்டு, குளியலறை, தேய்ந்த ஹீட்டர் காயில், இந்த மூன்றில் ஒன்றாகவே இருக்கும். எல்லா எம்சிபியும் இறங்கியிருக்கும்போதே விழுந்தால் கசிவு நியூட்ரலில் இருக்கலாம், அப்போது வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

பாறை இடத்தில் எர்த்துக்கு வழி இருக்கிறது. ஆழம் போகாவிட்டால் நீளமாகப் போகலாம். சமையலறைத் தண்ணீர் ஓடும் பக்கம் அரை மீட்டர் ஆழத்தில் வாய்க்கால் மாதிரி வெட்டி ஜிஐ பட்டையை (துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டை) படுக்க வைத்துப் புதைக்கலாம், இரண்டு மூன்று ராடுகளைத் தள்ளித்தள்ளி இறக்கி இணைக்கலாம். எர்த் குழியில் உப்பு போட்டால் நம் மழைக்குக் கரைந்து போகும், பைப்பையும் அரிக்கும். தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டுவது பழைய பழக்கம். இப்போது பாதி தூரம் பிவிசி பைப், அது எர்த்தே இல்லை.

தகரக் கூரை வீட்டுக்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கூரைக்கு அடியில் ஓடும் வயரை எலி கடித்து, வெறும் கம்பி தகரத்தில் பட்டால் கூரை முழுக்கக் கரண்ட். அந்தக் கூரைச் சட்டத்தில் துணி காயப்போடும் கம்பி கட்டியிருந்தால் அதிலும் கரண்ட், துணி வேறு ஈரம். லயத்தில் (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) ஒரே கூரை பல வீடுகளுக்குப் பொது என்பதால் பக்கத்து வீட்டுத் தவறும் நம் வீட்டுக்கு வரும். துணிக்கம்பியை எடுத்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். இன்றைக்கே செய்யலாம், செலவும் இல்லை.

பழைய பெட்டியில் நியூட்ரலுக்கும் ஒரு ஃபியூஸ் கட்டை இருக்கும். அது மட்டும் போனால் லைட்டு எரியாது, ஆனால் வயரில் ஃபேஸ் இருக்கும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கை வைப்பார்கள். வயர்மேன் வரும்போது முதல் வேலையாக அதை எடுத்துவிட்டு, இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் டபுள் போல் சுவிட்ச் போடச் சொல்லுங்கள்.

லோடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1500 வாட் வெந்நீர் ராடு 6.5 ஆம்பியர் இழுக்கும், 6 ஆம்பியர் பாயிண்டில் மாட்டக் கூடாது. 2000 வாட் ரூம் ஹீட்டருக்கும் கீசருக்கும் 16 ஆம்பியர் பாயிண்ட் தனித்தனியாக, மெயின் பெட்டியிலிருந்து நேராக. கீசருக்கு 4 ஸ்கொயர் எம்எம் வயர், மற்ற 16 ஆம்பியர் பாயிண்டுக்கு 2.5, லைட்டுக்கு 1.5 போதும். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள செம்பு வயர் வாங்குங்கள். பழைய அலுமினிய வயரோடு புதுச் செம்பை முறுக்கி ஒட்டினால் ஈரத்தில் அந்த இடம் அரித்துச் சூடாகும்.

இடி சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும்தான் அதிகம், அதுவும் மதியம் இரண்டு மணிக்கு மேல். எம்சிபியும் ஆர்சிசிபியும் இடியைத் தடுக்காது. இடியால் திடீரென ஏறும் வோல்ட்டைத் தடுக்கும் எஸ்பிடி என்ற கருவியை வைக்கலாம், அதற்கும் நல்ல எர்த் வேண்டும். வானம் கறுக்கும்போதே டிவி பிளக்கோடு கேபிள் வயரையும் பிடுங்குவது இன்னும் நல்லது. இடி தொடங்கிய பிறகு பிளக்கில் கை வைக்க வேண்டாம்.

மரம் விழுந்து நாள்கணக்கில் கரண்ட் போகும்போது ஜெனரேட்டரைச் சாதாரண பிளக் பாயிண்டில் செருகி வீட்டுக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கரண்ட் மீட்டர் வழியாக லைனுக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மரில் பல மடங்கு வோல்ட்டாக ஏறும். மழையில் கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனை அது கொன்றுவிடும். லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் சேர்க்கவே கூடாது. அறுந்து கிடக்கும் கம்பியைக் கண்டால் கிட்டே போகாமல், மற்றவர்களையும் விடாமல், மின்வாரியத்தின் 1912 எண்ணுக்கு போன் அடியுங்கள்.

லயத்து வீடு கம்பெனிக்குச் சொந்தம், வயரிங்கை நாமாக மாற்ற முடியாது என்பது தெரியும். பெர்மிட் உள்ள வயர்மேனை வைத்து மழை நாளில் மெக்கர் அளவெடுத்து, தேதியோடு எழுதி வாங்குங்கள். உரிந்த வயரின் போட்டோவையும் சேர்த்து, லயத்தில் எல்லா வீட்டாரும் கையெழுத்துப் போட்டு எஸ்டேட் ஆபீசில் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வையுங்கள். கேட்பது மூன்று: ஆர்சிசிபி, எர்த், கூரைக்கு அடியில் ஓடும் வயரைப் பைப்புக்குள் போடுவது.